பழுப்பு நிறம் எங்கே போனது? இரும்பு–கந்தக நொதிகளின் நிறமாலைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

சேலத்தில் ஒரு சிறிய உயிர்வேதியியல் ஆய்வகத்தில், இரும்பு–கந்தகக் கொத்து உள்ள நொதிகளோடுதான் என் நாள் போகிறது. இரும்பு அணுக்களும் கந்தக அணுக்களும் சேர்ந்த இந்தச் சிறு கொத்துதான் நொதிக்குப் பழுப்பு நிறம் தருவது. ஏப்ரல் வந்துவிட்டால், "அக்கா, நேத்து நல்ல பழுப்பா இருந்துச்சு, இன்னைக்கு வெளுத்துப்போச்சு" என்று யாராவது ஒரு குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. உழவர் சந்தையில் பாலக் கீரை இரண்டு கட்டு வாங்கி, அதிலிருந்து ஃபெரடாக்சின் என்ற இரும்பு–கந்தகப் புரதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீரையைக் குளிர்ந்த ட்ரிஸ் பஃபரில் அரைத்து, துணியில் வடித்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிந்த நீரை, எதிர்மின் புரதங்களைப் பிடித்து வைக்கும் டி.இ.ஏ.இ. செல்லுலோஸ் பத்தியில் ஏற்ற வேண்டும். பச்சையும் மஞ்சளும் கீழே ஓடிப்போக, பத்தியின் தலையில் செம்பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். 0.2 மோலார் குளோரைடில் கழுவினாலும் அசையாது. 0.8 மோலார் ஊற்றியதும் மெல்ல இறங்கிவரும். முதல்முறை அந்த வளையம் நகர்வதைப் பார்த்தபோது நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். இது ஈரிரும்புக் கொத்து, அதாவது இரண்டு இரும்பும் இரண்டு சல்ஃபைடும் உள்ளது. ஆக்சிஜனேற்ற நிலையில், அதாவது எலக்ட்ரானை இழந்த நிலையில், காற்றை ஓரளவு தாங்கும். 330, 420, 460 நானோமீட்டரில் உச்சிகள் வரும். 420-இல் மோலார் உறிஞ்சு குணகம் (குறிப்பிட்ட செறிவு எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற எண்) மில்லிமோலாருக்குச் சுமார் 9.7. உங்கள் நொதியில் சந்தேகம் வரும்போதெல்லாம் இதை ஓட்டிப் பாருங்கள். பாலக் சரியாக வந்தால் கருவியில் கோளாறு இல்லை, தேட வேண்டியது உங்கள் மாதிரியில்தான்.

அறிகுறி: குவெட்டில் (நிறமாலை எடுக்கும் சிறு கிண்ணத்தில்) வைத்துப் பார்க்கும்போதே நிறம் மங்குகிறது

முதல் சந்தேகம் ஆக்சிஜன்மேல்தான். ஆனால் ஊகித்துவிட்டு விடாதீர்கள், அளந்து பாருங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் நான்கு முறை 250 முதல் 800 நானோமீட்டர் வரை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். 400-ஐச் சுற்றிய மேடு மட்டும் இறங்கினால் கொத்து உடைகிறது. 700, 800 பக்கம் உட்பட எல்லாமே சேர்ந்து ஏறினால் புரதம் திரிந்து கலங்குகிறது. முன்னதற்குக் காற்றைத் தடுக்க வேண்டும். பின்னதற்கு உப்பையும் கிளிசராலையும் பார்க்க வேண்டும்.

காற்று எவ்வளவு பொல்லாதது என்று ஒரு கணக்குப் போடுவோம். காற்றோடு கலந்து நிற்கும் சாதாரண பஃபரில், 25 டிகிரியில், சுமார் 250 மைக்ரோமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. குவெட்டில் உங்கள் நொதி 20 மைக்ரோமோலார். நொதியைக் குளோவ் பாக்ஸில் (ஆக்சிஜன் இல்லாத கையுறைப் பெட்டியில்) எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும், வெளியில் இருந்த பஃபரை எடுத்து நீர்த்தால் ஒரு கொத்துக்குப் பன்னிரண்டு ஆக்சிஜன் மூலக்கூறை நீங்களே கையால் ஊற்றுகிறீர்கள்.

பஃபரில் நைட்ரஜனைக் குறைந்தது அரை மணி நேரம் குமிழிவிடுங்கள். புரதத்தில் குமிழிவிட வேண்டாம், நுரைத்துத் திரிந்துவிடும். புரதத்துக்கு மேலே வாயுவை மெதுவாக ஓட்டிக்கொண்டு, பனிக்கட்டிமேல் வைத்து லேசாகச் சுழற்றினால் போதும். அப்புறம் குழாய். நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் சிலிகான் குழாயைத்தான் மாட்டி வைத்திருப்போம். வளைக்க லேசாக இருக்கும், ஆனால் ஆக்சிஜன் அதன் சுவர் வழியாகவே ஊடுருவும். சிலிண்டர் எவ்வளவு தூய்மையாக இருந்தும் பயனில்லை. செப்புக் குழாய் போடுங்கள். வளைய வேண்டிய இடத்தில் மட்டும் பியூட்டைல் ரப்பர். பிளாஸ்டிக் டியூபும் டிப்பும் ஆக்சிஜனை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக விடும். அதனால் அவற்றை முந்தின நாள் மாலையே குளோவ் பாக்ஸுக்குள் தள்ளிவிடுங்கள்.

அறிகுறி: காலையில் நன்றாக இருந்தது, மாலையில் இல்லை

குளோவ் பாக்ஸுக்குள் ஒரு சிறு குப்பியில் மெத்தில் வயலோஜன் சாயமும், அதற்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கும் டைதயோனைட் துளியும் போட்டுத் திறந்து வையுங்கள். ஊதா கலந்த நீலம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் இல்லை. வெளுத்தால் இருக்கிறது. காட்டும் மீட்டர் பொய் சொல்லலாம், இந்த நீலம் சொல்லாது.

வெளுக்கிறது என்றால் பல்லேடியம் வினையூக்கியைப் பாருங்கள். ஹைட்ரஜனோடு ஆக்சிஜனைச் சேர்த்துத் தண்ணீராக்குவது அதுதான். மெர்காப்டோஎத்தனால் ஆவியும், சோடியம் சல்ஃபைடிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதற்கு நஞ்சு. நாம் செய்யும் வேலையோ முழுக்க கந்தகம். எனவே மற்றவர்களைவிட நாம் வினையூக்கியை அடிக்கடி சூடேற்றிப் புதுப்பிக்க வேண்டும். சல்ஃபைடு பாட்டிலை ஒரு நிமிடம்கூட திறந்து வைக்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளில் உள்ளே காற்றைச் சுழற்றும் விசிறியும் நின்றுவிடும். அன்று நீலக் குப்பியைப் பார்க்காமல் எதையும் திறக்காதீர்கள்.

அறிகுறி: மலையிலிருந்து கொண்டுவந்த குப்பி மட்டும் கெட்டுப்போகிறது

இது நம் ஊருக்கே உரிய கோளாறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஏற்காட்டில் ஒரு பயிற்சி முகாம். அங்கேயே மாதிரிகளை நைட்ரஜனில் கழுவி, சீரம் குப்பியில் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இறக்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிக் கீழே வந்து பார்த்தால் நிறம் பாதி போயிருக்கிறது. இங்கே சேலத்திலேயே அடைத்த குப்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைவில் குலுங்கியதால் என்றார்கள். வெயில் பட்டதால் என்றார்கள். குலுக்கியும் பார்த்தேன், வெயிலிலும் வைத்தேன். இரண்டும் இல்லை.

கடைசியில் ஒரு சிரிஞ்சு ஊசியின் மேல்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரை நிறுத்தி, மலையில் அடைத்த குப்பியின் ரப்பரில் குத்தினேன். சொட்டு சட்டென்று உள்ளே இழுக்கப்பட்டுக் காணாமல் போனது. சேலத்தில் அடைத்த குப்பியில் குத்தினால் சொட்டு அப்படியே நின்றது.

விஷயம் காற்றழுத்தம்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஏறக்குறைய 0.84 வளிமண்டலம். சேலத்தில் 0.97. மேலே அடைத்ததைக் கீழே கொண்டுவந்தால் வெளிக்காற்று குப்பியை அழுத்திக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே நாலு முறை ஊசி ஏறிய ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத துளை ஒன்று போதும். திரவத்துக்கு மேலே 10 மில்லிலிட்டர் காலி இடம் உள்ள குப்பியில் இந்த வித்தியாசம் நிரம்ப 1.3 மில்லிலிட்டர் காற்று நுழையும். அதில் ஆக்சிஜன் சுமார் 11 மைக்ரோமோல். உள்ளே இருந்த நொதியோ அரை மில்லிலிட்டரில் 100 மைக்ரோமோலார், அதாவது 0.05 மைக்ரோமோல். ஒன்றுக்கு இருநூறு.

தீர்வு சுலபம். மேலே அடைக்கும்போது வெளியேறும் ஊசியை முதலில் உருவிவிட்டு, நைட்ரஜன் ஊசியைச் சில விநாடி கழித்து உருவுங்கள். உள்ளே சற்று மிகை அழுத்தம் நிற்கும். தடித்த பியூட்டைல் ரப்பரைப் புதிதாகப் போடுங்கள், குத்திய இடத்தில் கிரீஸ் தடவுங்கள். கீழே வந்ததும் சொட்டுச் சோதனை செய்யுங்கள். சொட்டு உள்ளே போனால் அந்தக் குப்பியின் நிறமாலையை நம்ப வேண்டாம்.

அறிகுறி: நிறம் இருக்கிறது, ஆனால் 400-க்கும் 280-க்கும் உள்ள விகிதம் குறைவு

எல்லாப் புரத மூலக்கூறிலும் கொத்து ஏறவில்லை என்பது ஒரு காரணம். வேறு புரதமோ நியூக்ளிக் அமிலமோ கலந்திருப்பது இன்னொன்று. 260 தூக்கலாக இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள். நாலிரும்புக் கொத்து ஆக்சிஜனேற்ற நிலையில் 390 முதல் 410 வரை ஓர் அகன்ற மேடாகத்தான் தெரியும், கூரான உச்சி வராது. கொத்து ஒன்றுக்குக் குணகம் மில்லிமோலாருக்கு 15 அளவில் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். புரதத்தை அளக்கும் 280-இலும் கொத்து உறிஞ்சும். அமினோ அமில வரிசையை வைத்துக் கணக்கிட்ட குணகத்தால் புரத அளவைச் சொன்னால் புரதம் அதிகமாகவும் கொத்து குறைவாகவும் தோன்றும்.

நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான்: இரும்பை எண்ணாமல், சல்ஃபைடை எண்ணாமல், நிறமாலைக்கு விளக்கம் சொல்லாதீர்கள். இரும்புக்கு ஃபெரோசின். அமிலத்தில் புரதத்தைச் சிதைத்து, அஸ்கார்பேட்டால் இரும்பை ஒடுக்கி, 562 நானோமீட்டரில் 27.9 என்ற குணகத்தால் வகுங்கள். சல்ஃபைடுக்கு மெத்திலீன் நீல முறை, 670 நானோமீட்டர். நாலிரும்புக் கொத்து என்று சொல்கிறீர்களா, புரதம் ஒன்றுக்கு நாலு இரும்பும் நாலு சல்ஃபைடும் கிட்டத்தட்ட வர வேண்டும்.

இரும்பு கூடுதலாக வந்தால் முதலில் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். கஞ்சமலையில் மேக்னடைட் கிடக்கும் ஊர் இது. எந்தத் தூசியில் எவ்வளவு இரும்பு என்று யார் கண்டார்? டியூப்களை நீர்த்த அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, நல்ல அயனியகற்றிய நீரில் அலசி, அதே நீரில் வெற்று மாதிரியும் ஓட்டுங்கள். சல்ஃபைடு குறைந்தால், அமிலம் விட்ட நொடியில் அது வாயுவாகத் தப்பியிருக்கும். முதலில் காரத்தோடு துத்தநாக அசிடேட் சேர்த்துத் துத்தநாக சல்ஃபைடாகப் பிடித்து வைத்து, அமில வினைப்பொருளை அடியில் செலுத்தியதும் மூடிவிடுங்கள். புரதத்தை பி.சி.ஏ. என்ற நிறச் சோதனை முறையில் அளந்திருந்தால் டி.டி.டி. என்ற ஒடுக்கி அதைக் கெடுத்திருக்கும், அதையும் பாருங்கள்.

அறிகுறி: மறுகட்டமைப்புக்குப் பிறகு கரேலென்று ஆகிவிட்டது

கொத்தில்லாத புரதத்துக்கு இரும்பும் சல்ஃபைடும் கொடுத்துக் கொத்தைத் திரும்பக் கட்டுவதுதான் மறுகட்டமைப்பு. கறுப்பாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். நாலிரும்புக் கொத்து தேன்பழுப்பாக இருக்கும், மைக்கறுப்பாக இருக்காது. கறுப்பு என்றால் இரும்பு சல்ஃபைடு தூளாகத் தொங்குகிறது. நிறமாலையில் 400 பக்கம் மேடே இல்லாமல், 800-இலிருந்து ஒரே சரிவாக ஏறும். எண்ணினால் புரதம் ஒன்றுக்கு எட்டு, பத்து இரும்பு வரும்.

டி.டி.டி. சேர்த்து, இரும்பைச் சிறிது சிறிதாக விட்டு, அரை மணி காத்திருந்து, சல்ஃபைடை இன்னும் நிதானமாகத் துளித்துளியாகச் சேருங்கள். பனிக்கட்டிமேல் வைத்தே செய்யுங்கள். முடிந்ததும் சுற்றி வீழ்படிவை நீக்கி, உப்பகற்றும் பத்தியில் ஓட்டுங்கள். டி.டி.டி.யும் இரும்பும் சல்ஃபைடும் தங்களுக்குள் சேர்ந்தே ஒரு பழுப்பு நிறம் தரும். பத்தியைத் தாண்டிய பிறகு இருக்கும் நிறம்தான் உங்களுடையது.

அறிகுறி: டைதயோனைட் விட்டும் நிறம் இறங்கவில்லை

டைதயோனைட் செத்துப்போயிருக்கலாம். மழைக்காலத்தில் பாட்டிலை நாலு முறை திறந்தால் பாதி போய்விடும். 315 நானோமீட்டரில் அளந்து பாருங்கள், குணகம் மில்லிமோலாருக்குச் சுமார் 8. கரைசலைப் பி.எச். 8-இல் அன்றன்றைக்குத் தயாரியுங்கள். பி.எச். ஏற ஏற அதன் ஒடுக்கும் வலுவும் ஏறும். 7-இல் ஒடுங்காதது 8-இல் ஒடுங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உயிரோடு இருந்தும் இறங்காவிட்டால் கொத்தின் மின்னழுத்தத்தை யோசியுங்கள். அது எவ்வளவு மைனஸோ, ஒடுக்குவது அவ்வளவு கடினம். பாலக் ஃபெரடாக்சின் சுமார் மைனஸ் 420 மில்லிவோல்ட், நல்ல டைதயோனைட் அதை ஒடுக்கிவிடும். ராடிகல் சாம் என்ற குடும்பத்து நொதிகளில் சில அதைவிடக் கீழே இருக்கும். அவற்றுக்கு ஒளியூட்டிய டீஅசாஃபிளாவினோ டைட்டேனியம் சிட்ரேட்டோ தேவை. மைட்டோகாண்ட்ரியாவின் ரீஸ்கே கொத்து நேர்மாறு, எளிதில் ஒடுங்கும். அஸ்கார்பேட்டே போதும்.

அறிகுறி: ஈ.பி.ஆர். படம் வெறும் கோடு

ஈ.பி.ஆர். என்பது காந்தப்புலத்தில் மைக்ரோவேவ் விட்டு, இணையில்லாத எலக்ட்ரான்களைப் பார்க்கும் முறை. வெறும் கோடு பல நேரம் நல்ல சேதிதான். பிரித்தெடுத்தபடியே இருக்கும் நாலிரும்புக் கொத்து பெரும்பாலும் இரண்டு நேர்மின்சுமை நிலையில் இருக்கும். அதன் எலக்ட்ரான்களின் மொத்தச் சுழற்சி (ஸ்பின்) பூஜ்யம், எனவே சிக்னல் வராது. ஒடுக்கிப் பாருங்கள்.

ஒடுக்கியும் வரவில்லையா? வெப்பநிலையைக் கேளுங்கள். ஒடுங்கிய ஈரிரும்புக் கொத்து திரவ நைட்ரஜனின் 77 கெல்வினிலும் மங்கலாகவாவது தெரியும். நாலிரும்பு அப்படியில்லை. சுழற்சித் தளர்வு அவ்வளவு வேகம் என்பதால் கோடு அகன்று கரைந்துபோகும். 10 கெல்வின் பக்கம் போனால்தான் எழும், அதற்குத் திரவ ஹீலியம் வேண்டும். நம் பக்கத்தில் இருப்பது நைட்ரஜன் கருவி மட்டும் என்றால், அதில் வராததை வைத்து "கொத்து இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். மறுபக்கம், 10 கெல்வினில் ஈரிரும்பை அதிக மைக்ரோவேவ் வலுவில் எடுத்தால் செறிவடைந்து சிக்னல் சுருங்கும். வலுவைப் படிப்படியாகக் குறைத்து நாலைந்து படம் எடுங்கள்.

அறிகுறி: சிக்னல் வருகிறது, ஆனால் எதிர்பார்த்தது இல்லை

ஜி மதிப்பைப் (சிக்னல் எந்த இடத்தில் விழுகிறது என்று சொல்லும் எண்ணை) படியுங்கள், பாதிக் கதை அதிலேயே வந்துவிடும்.

ஒடுங்கிய பாலக் ஃபெரடாக்சின் 2.05, 1.96, 1.89 என்று மூன்று இடத்தில் காட்டும். 1960-இல் பைனர்ட், சாண்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியாத் துகள்களில் 1.94-இல் ஒரு சிக்னலைக் கண்டார்கள். அதுவரை கண்ணில் படாத இரும்பு–கந்தகப் புரதங்களின் பெரிய குடும்பம் அந்த ஒரு வளைவில் வெளியே வந்தது. ஒடுக்கிய மாதிரியில் 1.94 பக்கம் உங்களுக்கும் ஒரு வளைவு வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

ஒடுக்காத மாதிரியில் 2.01-இல் கிட்டத்தட்டச் சமச்சீரான ஒற்றைச் சிக்னல் வந்தால், அது மூவிரும்புக் கொத்து. சில நொதிகளுக்கு அது இயல்பு. சக்சினேட் டிஹைட்ரஜனேஸில் ஈரிரும்பு, நாலிரும்பு, மூவிரும்பு மூன்றுமே உண்டு. ஆனால் நாலிரும்பு இருக்க வேண்டிய நொதியில் 2.01 வந்தால் காற்று பட்டு ஓர் இரும்பு கழன்றிருக்கிறது என்று பொருள். அகோனிடேஸ் என்ற நொதி இப்படித்தான் பல காலம் ஆய்வாளர்களைக் குழப்பியது. பிரித்தெடுத்த நொதி மூவிரும்போடு செயலற்றுக் கிடந்தது. ஒடுக்கியையும் ஃபெரஸ் இரும்பையும் கொடுத்ததும் நாலாவது இரும்பு தன் இடத்தில் உட்கார்ந்து, செயல் திரும்பியது. கழன்ற அந்த இரும்புதான் வினைபடுபொருளைப் பிடிக்கும் இரும்பு. உங்கள் நொதிக்கும் இதே வைத்தியத்தைச் செய்து பாருங்கள்.

4.3-இல் கூராக ஒன்று எழுந்தால் பயப்படாதீர்கள். ஒட்டிக்கொண்ட ஃபெரிக் இரும்பு அது. பார்க்கத்தான் பெரிது, எண்ணிக்கையில் சொற்பமாக இருக்கும். முதலில் டியூபைக் கவனியுங்கள். குவார்ட்ஸுக்குப் பதில் சாதாரணப் போரோசிலிகேட் டியூபை யாராவது கலந்து வைத்திருந்தால், கண்ணாடியில் உள்ள இரும்பே 4.3 காட்டும். வெற்று டியூபை ஒருமுறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

2-ஐச் சுற்றி ஆறு கோடு என்றால் மாங்கனீசு. 2.05 பக்கம் பருத்து, இடப்புறம் சின்ன மேடுகளோடு இருந்தால் செம்பு. 2.005-இல் ஊசி போல மெல்லிய ஒற்றைக் கோடு டைதயோனைட்டின் சொந்தத் தனியுறுப்பாக (ராடிகலாக) இருக்கலாம். நொதியில் ஃபிளாவின் இருந்தால் அதன் பாதி ஒடுங்கிய நிலையும் அங்கேதான் வரும். நொதி இல்லாமல் டைதயோனைட் மட்டும் போட்டு ஒரு டியூப் உறைய வையுங்கள், இரண்டும் பிரிந்துவிடும்.

கடைசியில் சுழற்சி எண்ணிக்கை. செம்பு–இ.டி.டி.ஏ. அளவுகோலோடு இரட்டைத் தொகையிடல் (சிக்னலின் பரப்பைக் கணக்கிடுவது) செய்து, கொத்து ஒன்றுக்கு எவ்வளவு சுழற்சி என்று பாருங்கள். 0.05 வந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நீங்கள் பார்ப்பது மாதிரியில் இருபதில் ஒரு பங்கைத்தான். மீதி எங்கே என்பதுதான் கேள்வி.

அறிகுறி: அடிக்கோடு நடுங்குகிறது

விரல் போன்ற குடுவையில் நைட்ரஜன் கொதிப்பதால் வரும் நடுக்கம் இது. உள்ளே விழுந்த பனித்துகள்கள் ஒவ்வொன்றும் குமிழி கிளப்பும். நைட்ரஜனைத் துணியில் வடித்து ஊற்றுங்கள், நெடுநேரம் திறந்து கிடந்ததை ஊற்றாதீர்கள். குழியறைக்குள் வறண்ட நைட்ரஜன் ஓடட்டும், இல்லையென்றால் குடுவையின் வெளிச்சுவரில் ஈரம் படிந்து சுருதி மாறிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: மாஸ்பவரில் எதிர்பாராத ஓர் இரட்டைக் கோடு

மாஸ்பவர் நிறமாலை இரும்பில் இரும்பு-57 என்ற ஐசோடோப்பை மட்டுமே பார்க்கும். இயற்கை இரும்பில் அது வெறும் 2.1 சதவீதம் என்பதால், மறுகட்டமைப்பிலோ வளர்ப்பு ஊடகத்திலோ செறிவூட்டிய இரும்பைக் கொடுத்திருப்பீர்கள். நல்ல நாலிரும்புக் கொத்தின் ஐசோமர் நகர்வு விநாடிக்கு 0.45 மில்லிமீட்டர் பக்கம், ஈரிரும்புக்கு 0.27 பக்கம். 1.3 பக்கம் அகலமாகப் பிளந்த ஓர் இரட்டை தெரிந்தால், அது எந்தக் கொத்திலும் சேராத ஃபெரஸ் இரும்பு. உப்பகற்றும் பத்தியை மீண்டும் ஓட்டாமல் அடுத்த மாதிரியை அனுப்பாதீர்கள். செறிவூட்டிய இரும்பின் விலை தெரிந்தவர்கள் அதை வீணாக்க மாட்டார்கள்.

அறிகுறி: ஹீலியம் கருவி உள்ள ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மாதிரி மாறிவிட்டது

மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர் கொண்டுவரும் நைட்ரஜன் கேனைப் பார்த்திருப்பீர்கள். அதே வகைக் கேனில்தான் நாங்கள் ஈ.பி.ஆர். டியூப்களைக் கொண்டுபோகிறோம். முதல் நாள் முழுக்க நிரப்பி, மறுநாள் குறைந்த அளவைக் குச்சிவிட்டுப் பார்த்து, பயணத்துக்குத் தாங்குமா என்று கணக்கிடுங்கள். காரில் கண்ணாடியை இறக்கியே வையுங்கள், ஆவியாகும் நைட்ரஜன் மூச்சை அடைக்கும்.

டியூபை உறையவைக்கும்போது அடியிலிருந்து மேலாக மெதுவாக இறக்குங்கள், சடாரென்று முக்கினால் விரியும். மூடி சரியில்லாத டியூபுக்குள் திரவ நைட்ரஜன் புகுந்திருக்கும், வெளியே எடுத்ததும் அது வாயுவாகி டியூபை வெடிக்க வைக்கும். கண்ணைக் காக்கும் கவசம் இல்லாமல் கேனில் கை வைக்காதீர்கள். டியூபில் பேனாவால் எழுதிய பெயர் நைட்ரஜனில் உதிர்ந்துவிடும். நூலில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்கிறோம்: ஒரு முடிச்சு ஒடுக்காதது, இரண்டு முடிச்சு ஒடுக்கியது, மூன்று முடிச்சு பாலக்.